உளியும் ஒளியும்: சிற்பி ஆதாம் சாலமோனின் வாழ்க்கை

புதிய கருவி ஒன்று உலகிற்கு வரும்போது, பழைய கலையில் ஊறியவர்கள் அதனைப் பெரும்பாலும் இருவகையாக எதிர்கொள்வர். ஒருசாரார் அதனை இகழ்ந்து ஒதுக்குவர். மற்றொருசாரார் தாம் கற்ற தொழிலை மறந்து அதன் பின்னே செல்வர். பழங்கலையில் பெற்ற பயிற்சி முழுவதையும் புதிய கருவிக்குள் கொண்டு சேர்த்து, அக்கருவிக்கே பெருமை தேடித் தருவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த அந்துவான் சாமுவேல் ஆதாம் சாலமோன். நாற்பது வயதுவரை களிமண்ணையும் சலவைக்கல்லையும் கையாண்ட சிற்பியாகிய அவர், அதன்பின் நிழற்படக் கருவியைக் கையிலெடுத்தார். அவர் எடுத்த படங்களைக் கண்ட பெருங்கவிஞர் ஒருவர், நிழற்படத்தைப் பழித்துத் தாம் எழுதி வெளியிட்ட கருத்தைத் தாமே மாற்றி எழுதினார். கலைக்கும் கருவிக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை இவ்விருவர் வரலாறும் சேர்ந்து நமக்கு விளக்குகிறது.

பிறப்பும் இளமையும்

பாரிஸ் நகருக்குக் கிழக்கே, மார்ன் ஆற்றங்கரையில் அமைந்தது லா ஃபெர்த்தே சூ ழுவார் என்னும் சிற்றூர். அங்கே 1818ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள், யூதக் குடும்பம் ஒன்றில் ஆதாம் சாலமோன் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் பயனாக 1791இல்தான் அந்நாட்டு யூதர்கள் முழுக் குடியுரிமை பெற்றனர். பிறக்கும்போதே குடிமக்களாகப் பிறக்கும் பேறு பெற்ற முதல் தலைமுறைகளைச் சேர்ந்தவர் அவர். தந்தையர்க்கு அடைத்திருந்த பள்ளிகளும் பட்டறைகளும் கலைக்கூடங்களும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட காலம் அது.

அவருடைய கலைப்பயிற்சி பெரிய கலைக்கூடத்தில் தொடங்கவில்லை; பீங்கான் தொழிற்சாலையில் தொடங்கியது. ஃபோந்தேன்புளோவில் ழாக்கோப் பெத்தி என்பவர் நடத்திய தொழிற்சாலையில் உருவமாதிரிகள் செய்யும் பணியில் இளைஞர் சாலமோன் அமர்ந்தார். பூச்சாடி, மணிக்கூண்டு, சிறு பொம்மை என்று செல்வர் வீட்டு முகப்பறையை அழகுசெய்யும் பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடம் அது. களிமண்ணை விரலால் அழுத்தியும் இழைத்தும் வடிவம் காண்பது அங்கு நாள்தோறும் செய்யும் வேலை. மண் ஒரு நூலளவு தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் முகத்தின் பொருள் மாறிவிடும் என்பதை அவர் விரல்கள் அங்கேதான் கற்றன. அவர்தம் திறமை கண்டு உதவித்தொகை கிடைத்தது. அதனைக் கொண்டு பாரிஸ் சென்று சிற்பக்கலை பயின்றார். சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்கும் சென்று தம் கல்வியை விரிவுபடுத்திக்கொண்டார். ழோர்ழின் கொர்னேலி குத்தெலியே என்னும் பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் எழுத்தாளர்.

சிற்பி சாலமோன்

அவருக்குப் புகழ் தேடித் தந்த முதற்படைப்பு, பெரான்ழே என்னும் பாடலாசிரியரின் உருவம் பொறித்த வட்டப்பதக்கம். பெரான்ழே, அரசரையும் அதிகாரத்தையும் எள்ளிப் பாடிச் சிறை சென்றவர். தெருக்களிலும் தேநீரகங்களிலும் பாமர மக்கள் பாடும் பாடல்களுக்கு உரியவர். மக்கள் நெஞ்சில் வாழ்ந்த அவருடைய முகத்தை வட்டப்பதக்கத்தில் வடித்த இளஞ்சிற்பியும் மக்களிடையே அறிமுகமானார்.

அடுத்து அவர் வடித்த ஷார்லொத் கொர்தேயின் பதக்கம் இன்னும் பரவலாகப் பெயர்பெற்றது. புரட்சிக்காலத்தில் மரா என்னும் தலைவரைக் குத்திக் கொன்று, 1793இல் தலை கொய்யப்பட்டு இறந்த இளம்பெண் கொர்தே. கவிஞர் லாமர்த்தீன் 1847இல் வெளியிட்ட ழிரோந்தியர் வரலாறு என்னும் பெருநூல் அவள் கதையை உருக்கமாகக் கூறி நாடெங்கும் பரப்பியது. லாமர்த்தீனின் மார்பளவுச் சிலையையும் சாலமோன் செய்தார்.

பதக்கம் என்பது தாழ்ந்த புடைப்புச் சிற்பம். மூக்கு நுனிக்கும் காது மடலுக்கும் இடையே உண்மை முகத்தில் பல விரற்கடை ஆழம் உண்டு. பதக்கத்திலோ அவ்வாழம் முழுவதையும் ஒரு நெல்மணியின் கனத்திற்குள் சிற்பி காட்டியாக வேண்டும். அவ்வாறு காட்டுவதற்கு அவனுக்கு உதவுவது வெளிச்சம் ஒன்றே. சாய்ந்து விழும் ஒளியில் மேடு வெளுக்கும், பள்ளம் கறுக்கும், முகம் உயிர்பெறும். ஒளி நேரே விழுந்தால் அதே முகம் தட்டையாகிவிடும். மாமல்லபுரத்துப் பெரும்புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கியது. அதனைக் காலை இளவெயிலிலும், பின்னர் உச்சிப்பொழுதிலும் கண்டவர்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். வெளிச்சம் விழும் கோணமும் சிற்பத்தின் ஒரு பகுதியே என்னும் இவ்வறிவு, சாலமோனின் பிற்கால வாழ்வு முழுவதற்கும் அடித்தளமாயிற்று.

காலமும் கருவியும்

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் தாகேர் என்பாரின் நிழற்பட முறை பாரிசில் உலகறிய விளக்கப்பட்டது. அப்போது சாலமோனுக்கு வயது இருபத்தொன்று. 1851இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடியில் ஒருமுறை மறிநிலைப் படிவம் பதிந்துவிட்டால், முட்டை வெண்கரு பூசிய தாளில் எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1854இல் திஸ்தேரி என்பவர், ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுத்து அட்டையில் ஒட்டித் தரும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கைக்கு அடக்கமான அந்த அட்டைப்படங்கள் பெருவாரியாக விற்றன. தூணும் திரையும் வரைந்த ஒரே பின்புலத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் நின்று சென்றனர். முகம் மலிவாயிற்று.

தமிழகமும் இக்கருவியை அக்காலத்திலேயே அறிந்தது. சென்னை நிழற்படக் கழகம் 1856இல் தோன்றியது. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். நம் சிற்பங்கள் மீது ஒளிப்பெட்டியின் கண் பதிந்த அதே ஆண்டில்தான், பிரெஞ்சுச் சிற்பி ஒருவரும் அப்பெட்டியின் பின்னே சென்று நின்றார்.

அக்காலத்து அறிஞர் பலர் அதனைக் கலையென ஏற்கவில்லை. 1859ஆம் ஆண்டின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதிய கவிஞர் போதலேர், நிழற்படம் கலைகளுக்கும் அறிவியலுக்கும் பணிப்பெண்ணாக இருக்கலாமேயன்றிக் கலையின் அரியணையில் அமரக்கூடாது என்று கடிந்துரைத்தார். லாமர்த்தீனின் கருத்தும் அதுவே. கலைஞன் தேர்ந்து படைக்கிறான். கண்ணாடிவில்லையோ எதிர்ப்பட்டதைத் திருடிக்கொள்கிறது. அங்கே மனிதன் எங்கே இருக்கிறான் என்பது அவர் கேள்வி. கவிஞர்கள் கேட்கத்தக்க நேர்மையான கேள்விதான் அது.

மியூனிக் பயணம்

1858இல் சாலமோன் செருமனியின் மியூனிக் நகருக்குச் சென்று, ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஷ்டேங்கல் என்பாரிடம் நிழற்படக்கலை பயின்றார். ஹான்ஃப்ஷ்டேங்கல் கல்லச்சு ஓவியத்தில் பெரும்பெயர் பெற்றுப் பின்னர் உருவப்பட நிலையம் நிறுவியவர். மறிநிலைத் தகட்டைத் திருத்தும் நுட்பத்தை 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் காட்டிப் பலரை வியக்கச் செய்தவரும் அவரே.

இத்திருத்தம் ஏன் வேண்டியதாயிற்று என்பதை இங்கு விளக்குதல் தகும். ஈரத்தகட்டுக்கு நீல ஒளியை உணரும் ஆற்றல் மிகுதி. சிவப்பை அது ஏறத்தாழ உணர்வதேயில்லை. ஆகவே கன்னத்துச் சிவப்பும், தோலில் நேரிற் காண மங்கலாயிருக்கும் புள்ளிகளும் படத்தில் கருமையாக விழும். கண் காணாத கறைகளைக் கருவி காட்டிவிடும். கூரிய பென்சில் கொண்டு தகட்டின்மேல் மெல்லத் தொட்டு அக்கறைகளைக் குறைத்தல் உண்மையைக் கெடுப்பதா, கருவி கெடுத்த உண்மையை மீட்பதா என்னும் வழக்கு அன்று தொடங்கியது; நெடுங்காலம் ஓயவில்லை.

நாற்பது வயதில், பெயர்பெற்ற சிற்பி ஒருவர் மாணவராகி அயல்நாடு செல்வது எளிதன்று. சாலமோன் சென்றார். திரும்பி வந்து 1859இல் பாரிசில் படநிலையம் திறந்தார். 1865இல் மற்றொன்றும் திறந்தார்.

சிற்பியின் படநிலையம்

அவருடைய படங்கள் ஏனையோர் படங்களினின்றும் வேறுபட்டமைக்குக் காரணம் ஒளியை அவர் ஆண்ட முறையே. அக்காலத்துப் படநிலையங்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கூரை வேய்ந்தவை. ஒளி எங்கும் பரவி விழும். வெளிச்சம் மிகுந்தால் தகடு விரைவில் பதியும். வாடிக்கையாளர் நீண்டநேரம் அசையாதிருக்க வேண்டியதில்லை. வணிகர்க்கு அது வசதி. ஆனால் பரந்த ஒளியில் முகம் தட்டையாகிவிடும். பதக்கம் வடித்த கண் அதனைப் பொறுக்குமா? சாலமோன் ஒளியைக் குறுக்கினார். உயரத்திலிருந்து ஒருபக்கமாக விழச் செய்தார். நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு ஆகியவை வெளிச்சத்தில் எழுந்து நிற்க, கண்குழியும் தாடையின் மறுபுறமும் ஆழ்ந்த நிழலில் தாழ்ந்தன. அந்நிழலும் வெறுங்கருமையாய் இராமல், உற்று நோக்குவார்க்கு உள்ளே வடிவம் புலப்படுமாறு அமைந்தது. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் முகங்களோடு அவற்றை மக்கள் ஒப்பிட்டனர்.

உடையிலும் அவர் சிற்பியாகவே நடந்தார். வந்தவர் அணிந்திருந்த மேற்சட்டையின் புதுமை கண்ணை ஈர்க்காதபடி, கனத்த வெல்வெட்டுத் துணியை மார்பில் போர்த்தி மடிப்புகளைத் தம் கையால் அமைத்தார். வெல்வெட்டு ஒளியை உண்ணும். அதன் கருமையிலிருந்து முகம் மட்டும் மேலெழும். பீடத்தின்மேல் மார்பளவுச் சிலையை நிறுத்தும் முறை அது. தூணும் தோட்டமும் வரைந்த திரைகள் அவருக்குத் தேவைப்படவில்லை. படமும் சட்டைப்பையில் மறையும் சிற்றட்டையாக இராமல், சுவரில் மாட்டிக் காணத்தக்க அளவினதாக இருந்தது.

படத்தை ஒட்டிய அட்டையில் அவர் தம்மை நிழற்படக்காரர் என்று குறித்துக்கொள்ளவில்லை. சிற்பி ஆதாம் சாலமோன் அமைத்து எடுத்த படம் என்னும் பொருள்படவே அதில் அச்சிட்டார். எடுத்தல் கருவியின் செயல். அமைத்தல் மனிதனின் செயல். லாமர்த்தீன் கேட்ட கேள்விக்கு அந்த அட்டையிலேயே விடையிருந்தது எனலாம்.

கவிஞரின் மனமாற்றம்

லாமர்த்தீன் 1790இல் பிறந்தவர்; 1820இல் வெளியிட்ட தியானங்கள் என்னும் தொகுதியால் பிரெஞ்சுக் கவிதைக்குப் புதுப்பாதை வகுத்தவர். 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் இடைக்கால அரசின் முன்னணித் தலைவராக விளங்கினார். அவ்வாண்டின் இறுதியில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் மிகச் சில வாக்குகளே பெற்றுத் தோற்றார். முதுமையில் கடன் சூழ்ந்தது. கடனை அடைப்பதற்காக 1856 முதல் இலக்கியப் பாடங்கள் என்னும் மாத வெளியீட்டைச் சந்தாதாரர்களுக்காக ஓயாது எழுதினார். நிழற்படத்தை அவர் பழித்ததும், பின்பு கருத்து மாறியதும் அவ்வெளியீட்டின் வழியாகவே உலகிற்குத் தெரிந்தன.

சாலமோனின் படங்களைக் கண்டபின், தம் பழைய சொற்களை அவர் திரும்பப் பெற்றார். சூரியனின் ஒளியைத் தக்க நொடியில் பிடித்து வைத்த அப்படங்கள், நிழற்படத்தை இனித் தொழில் என்று கூற முடியாதபடி செய்துவிட்டன என்றார். அது கலையே, கலையினும் மேலானது, அங்கே கலைஞன் கதிரவனோடு கூட்டுச் சேர்ந்து படைக்கிறான் என்னும் கருத்துப்பட எழுதினார்.

கொள்கை வாதத்தால் யாரும் அவரை வெல்லவில்லை. நிழற்படம் கலையே என்று நிறுவும் கட்டுரை எதனையும் சாலமோன் அவருக்கு எழுதி அனுப்பவில்லை. படங்கள் இருந்தன, கவிஞர் கண்டார், கண்டதை மறைக்காமல் சொன்னார். எழுபதை நெருங்கும் வயதில், நாடறிந்த ஒருவர், அச்சேறிய தம் கூற்றை அச்சிலேயே மாற்றிக்கொள்வதற்குப் பெரிய மனம் வேண்டும்.

புகழும் பழியும்

நிழற்படம் கலையா என்னும் வழக்கு உண்மையாகவே நீதிமன்றம் ஏறியது. தம் படங்களை அயலார் படியெடுத்து விற்பதைத் தடுக்கக் கோரி, மையே, பியேர்சோன் என்னும் நிழற்படக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். கலைப்படைப்புகளுக்குரிய சட்டக்காப்பு நிழற்படத்திற்கும் உண்டு என்று 1862இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய காப்பை எதிர்த்து ஆங்கர் முதலிய ஓவியர் பலர் கையொப்பமிட்டு முறையிட்டனர். எனினும் தீர்ப்பு நிலைத்தது.

1867ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் சாலமோனின் உருவப்படங்கள் வைக்கப்பட்டன. அவை பெரும்பரபரப்பை உண்டாக்கின. இங்கிலாந்து நிழற்பட இதழ்கள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதின. அந்நாட்டுக் கலைஞர்கள் அவருடைய ஒளியமைப்பைப் பின்பற்ற முற்பட்டனர். புகழோடு பழியும் வந்தது. தகட்டைத் திருத்தித் தீட்டியே அவர் இவ்வழகைப் பெற்றார் என்று சிலர் குறை கூறினர். திருத்தம் அவர் முறையின் ஒரு பகுதியே. ஆயினும் திருத்தத்தால் மட்டும் அம்முகங்கள் எழுந்துவிடா. ஒளி விழும் திசையைத் தகட்டில் பென்சிலால் மாற்ற முடியாது; அது படமெடுப்பதற்கு முன்னரே முடிவாகிவிடுவது. பழித்தவர்களும் புகழ்ந்தவர்களும் தம் படநிலையத்துக் கண்ணாடிக் கூரையில் திரை கட்டத் தொடங்கினர் என்பதே அவர் பெற்ற வெற்றி.

அரசியல்வாதி தியேர், எழுத்தாளர் அல்போன்ஸ் கார், கவிஞர் லாமர்த்தீன் எனக் காலத்தின் பெரியோர் பலர் அவர் முன் அமர்ந்தனர். 1870இல் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியோன் தொன்னேர் என்னும் உயரிய விருதை வழங்கிச் சிறப்பித்தது. லாமர்த்தீன் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

இறுதியும் எஞ்சியதும்

ஆதாம் சாலமோன் 1881ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் பாரிசில் காலமானார். அவருக்கு அப்போது வயது அறுபத்துமூன்று.

அவருடைய உருவப்படங்களிற் சில, 1870களில் பாரிசில் வெளிவந்த சமகாலப் பெரியோர் படத்தொகுப்பில் உட்பரி முறையில் அச்சிடப்பெற்றன. 1864இல் காப்புரிமை பெற்ற அம்முறை வியப்புக்குரியது. நிழற்படத்தின் நிழலுக்கும் ஒளிக்கும் ஏற்பக் கூழ்மப் படலம் ஒன்று மேடு பள்ளமாக உறையும். அதனை ஈயத்தகட்டின்மேல் பேரழுத்தத்தில் அழுத்தினால் ஈயம் குழிந்து அச்சாகும். அவ்வச்சில் மை கலந்த கூழ்மத்தை வார்த்துத் தாளில் ஒற்றுவர். குழி ஆழமான இடத்தில் மை தடித்து இருள் விழும். ஆழமற்ற இடத்தில் வெளிச்சம் தெரியும். கூர்ந்து நோக்கினால் அது மிகத் தாழ்ந்த புடைப்புச் சிற்பமே. பதக்கம் வடித்துத் தொடங்கிய கலைஞரின் நிழற்படங்கள், மீண்டும் ஒருவகைப் பதக்கமாகியே நூலுக்குள் சென்றன.

அவர் தம்மை இறுதிவரை சிற்பி என்றே எண்ணினார். உலகமோ அவரை நிழற்படக் கலைஞர் என்றே நினைவில் கொண்டது. பாரிசில் உள்ள ஓர்சே அருங்காட்சியகம் முதலிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் காக்கப்பட்டு வருகின்றன. அவர் வடித்த சிலைகளைத் தேடிச் செல்வோர் சிலரே. இதனை அவர்தம் குறையெனக் கருத வேண்டியதில்லை. அவருடைய உளி, ஒளிக்குள் சென்று மறைந்து வேலை செய்தது.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எவையுமின்றித் தான் குடைவித்த கோயிலைப் பற்றி மகேந்திரவர்மன் கல்லிலேயே பொறித்து வைத்தான். மரமும் செங்கல்லும் விட்டுக் கல்லுக்கு மாறிய அக்காலத்துத் தச்சர்கள், மரத்தில் கற்ற கைத்திறனை வீசியெறியவில்லை. மாமல்லபுரத்துத் தேர்களில் உத்தரமும் கூரையும் மரவேலையின் வடிவிலேயே கல்லில் நிற்கின்றன. பொருள் மாறியது, கை மாறவில்லை. களிமண்ணிலிருந்து கண்ணாடித் தகட்டுக்குச் சென்ற சாலமோன் செய்ததும் இதுவே.

நிழற்படம் என்று தமிழில் வழங்கும் சொல் அவருக்கு மிகவும் பொருந்தும். ஏனையோர் ஒளியைத் தேடியபோது, நிழலின் மதிப்பை அறிந்தவர் அவர். எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துவிட்டால் முகம் தட்டையாகும். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வடிவம் பிறக்கும். இவ்வுண்மை முகத்திற்கு மட்டும் உரியதன்று. புதிய கருவிகளும் புதிய வடிவங்களும் கவிதையின் வாயிலில் வந்து நிற்கும் காலங்களில், அவற்றை இகழ்வதா ஏற்பதா என்று மலைக்கும் கவிஞர்களுக்குச் சிற்பி சாலமோனின் வாழ்வு ஒரு பாடம். கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்ட கவிஞர் லாமர்த்தீனின் நேர்மை மற்றொரு பாடம்.